கிணற்றடியில் எத்தனை கோடி ஆண்டு? தெரியுமா?

நம் குளத்து விராலுக்கு மண்ணுக்கடியில் ஒரு பங்காளி இருக்கிறது, தெரியுமா? இரண்டும் குடும்பம் பிரிந்து குறைந்தது 3.4 கோடி ஆண்டு ஆகிறது, 10.9 கோடி ஆண்டு வரைகூட ஆகியிருக்கலாம், தெரியுமா? காலடியிலேயே நீந்திக்கொண்டிருந்த அந்தப் பங்காளிக்கு மனிதர்கள் பெயர் வைத்ததே 2019-ல்தான், தெரியுமா?

கேரளத்தை 2018 ஆகஸ்ட் வெள்ளம் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். அதன் பிறகு மலப்புரம் மாவட்டத்து நெல்வயல் ஒன்றில் செம்பழுப்பு நிறத்தில், பாம்பு போல நீண்ட ஒரு மீன் கிடைத்தது. அதன் படம் சமூக ஊடகத்தில் ஏற, மீன் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. கொச்சியைச் சேர்ந்த ராஜீவ் ராகவன், ஜெர்மனியின் ரால்ஃப் பிரிட்ஸ் உள்ளிட்ட குழு அதற்கு ஏனிக்மாச்சன்னா கொலம் என்று பெயரிட்டது. பூமிக்கடியில் குடியேறி உருவமே மாறிப்போன டோல்கீன் கதைப் பாத்திரத்தின் பெயர் அது. அதே ஆண்டில் திருவல்லா பக்கத்துக் கிணற்றிலிருந்து இரண்டாவது இனமும் வந்தது. அதற்கு என்ன பெயர் தெரியுமா? மகாபலி! பாதாளத்துக்குப் போன மன்னனின் பெயரை, பாதாளத்திலிருந்து மேலே வந்த மீனுக்கு வைத்தார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் ஒரு மீனுக்கு அமைந்து நான் பார்த்ததில்லை.

சந்தையில் விராலை உயிரோடு வாங்கியிருப்பீர்கள். அலுமினியச் சட்டியில் தண்ணீர் வற்றிப்போனாலும் துள்ளிக்கொண்டே இருக்கும். காற்றை நேரடியாக இழுத்து மூச்சுவிட அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே ஒரு தனி உறுப்பு உண்டு. நிலத்தடிப் பங்காளிக்கு அந்த உறுப்பு இல்லை. விராலின் நீளமான காற்றுப்பையும் இல்லை. வேறுபாடு இத்தனை ஆழமாக இருந்ததால் 2020-ல் இந்த மீன்களுக்கென்று ஒரு தனிக் குடும்பத்தையே உண்டாக்க வேண்டிவந்தது.

இதை எழுதுவது பெரிய முதலியார்சாவடியில் உட்கார்ந்து. கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல். மேற்கே ஆரோவில்லின் செம்மண் மேடு, மழை அறுத்த செக்கச்சிவந்த பள்ளங்கள். வடக்கே ஈசிஆரில் வண்டியை விட்டால் மரக்காணத்து உப்பளம். இந்தச் செம்மண்ணுக்கு அடியில் கிடக்கும் கடலூர் மணற்கல்லின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் திருவக்கரையில் கல்லாகிப் படுத்திருக்கும் மரங்கள். அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. இன்னும் கீழே, இன்னும் மேற்கே, புதுச்சேரியைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் உண்டு. டைனோசர்கள் மறைந்த காலத்துக்கு முன்னும் பின்னும் கடலடியில் படிந்தது அது. அதிலிருந்து கே, கன்லிஃப் என்ற இருவர் பொறுக்கிய சங்கு, சிப்பி, அம்மோனைட்டுகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-லேயே லண்டனில் விவரித்து எழுதிவிட்டார். செத்துக் கல்லான உயிரின் வயதைச் சொல்ல இந்த மண்ணில் வழி இருக்கிறது. எந்த அடுக்கில் கிடந்தது என்று பார்த்தால் போதும். ஆனால் கல்லுக்குள் இன்னும் உயிரோடு நீந்துகிறதே, அதன் வம்சத்துக்கு என்ன வயது? அது எப்போது இருட்டுக்குள் போனது? தான் எப்போது வந்தேன் என்று எந்தப் பாறையிலும் அது எழுதி வைக்கவில்லையே!

இங்கேதான் மரக்காணம் எனக்குக் கைகொடுக்கிறது.

உப்பளத்து வரப்பில் குந்தி உட்கார்ந்து ஒரு பாத்தியை ஒரு பகல் முழுக்கப் பாருங்கள். காலையில் உவர்நீர் கண்ணாடி போலக் கிடக்கும், வானம் அப்படியே உள்ளே தெரியும். வெயில் ஏற ஏற மேலே மெல்லிய ஆடை படரும், காய்ச்சிய பாலில் ஏடு படர்கிற மாதிரி. காற்று தொட்டால் அது நொறுங்கி மூழ்கும். அடியில் சின்னச் சின்னச் சதுரங்களாக உப்பு உட்காரும். நாளாக நாளாக அந்தப் படிவு கனக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தெரிந்துவிட்டால், கனத்தை அளந்தே எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடலாம் அல்லவா? சொல்லலாம்தான். ஆனால் மேகமூட்டமான நாளில் வேகம் குறையும். ஒரு மழை பெய்தால் உட்கார்ந்தது கரைந்துவிடும். அது மட்டுமல்ல, எந்த நாளிலிருந்து எண்ணுவது? தண்ணீர் கழிமுகத்தை விட்டு வந்த நாள் ஒன்று. பாத்திக்குள் விட்ட நாள் ஒன்று. முதல் உப்புக்கல் உட்கார்ந்த நாள் ஒன்று. மூன்றும் வேறு வேறு நாள்!

குகை உயிரின் வயதும் அப்படியே. மேலே இருக்கும் உறவினரிடமிருந்து வம்சம் பிரிந்த நாள், இருட்டுக்குள் நுழைந்த நாள், கண் போன நாள். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் செய்திகளில் ஒரே உயிருக்கு ஒரு தரம் லட்சமும் ஒரு தரம் கோடியும் வருகிறது.

முதல் கடிகாரம் மரபணுவில் ஓடுகிறது. எமில் சுக்கர்காண்டல், லைனஸ் பாலிங் இருவரும் 1962-ல் முன்வைத்த எண்ணம் அது. தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கும்போது மரபணுவில் எழுத்துப்பிழை விழுந்துகொண்டே இருக்கும். பிழையின் எண்ணிக்கை காலத்தோடு சேர்ந்து ஏறும். இரண்டு உயிர்களின் ஒரே மரபணுவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 எழுத்தில் 10 வேறுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் ஆண்டுக்கு 2 எழுத்து என்பது வேகமானால், பிரிந்து 50 லட்சம் ஆண்டு. வேகம் 1 எழுத்து என்றால்? 1 கோடி ஆண்டு! வேகத்தைப் பாதியாக்கினால் வயது இரட்டிப்பாகிறது. பூச்சிகளின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவுக்கு 10 லட்சம் ஆண்டுக்கு 2.3 சதவீதம் என்று 1994-ல் வந்த ஒரு கணக்கை உலகமெங்கும் பிடித்துக்கொண்டார்கள். வெயிலில் திரியும் பட்டாம்பூச்சிக்கு ஓடும் வேகம் குகைக்குள்ளும் அதே வேகத்தில் ஓடுமா?

ஓடாமல் போகலாம் என்று சந்தேகிக்க வைக்கும் ஓர் உயிர் இருக்கிறது. ஸ்லோவேனியாவில் கிராஸ் என்றொரு பீடபூமி. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் அரித்துக் குகையும் சுரங்கமுமாக ஆக்கிய நிலத்துக்கு உலகமே வைத்திருக்கும் கார்ஸ்ட் என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். அங்கே நிலத்தடி ஆறுகளில் ஓல்ம் என்று ஒரு வெளிறிய, கண் தெரியாத நீர்ப்பல்லி போன்ற பிராணி. வெள்ளம் வரும்போது சில சமயம் வெளியே அடித்துவரும். அதைக் கண்டவர்கள் டிராகனின் குட்டி என்று நம்பியதை வால்வசோர் 1689-லேயே எழுதியிருக்கிறார். அது பருவத்துக்கு வரவே 15 ஆண்டுக்கு மேல் ஆகும். 12 ஆண்டுக்கு ஒரு முறை போலத்தான் முட்டையிடும். சராசரி ஆயுள் 68 ஆண்டு. 100-ஐத் தாண்டவும் முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஓர் ஓல்ம் 2,569 நாள் கழித்துப் பார்த்தபோதும் அதே இடத்தில் இருந்தது! ஏழு வருஷம்! இத்தனை நிதானமாகத் தலைமுறை நகர்கிற உயிரின் மரபணுக் கடிகாரத்தைப் பட்டாம்பூச்சியின் கடிகாரத்தோடு ஒன்றாக வைத்து மணி பார்க்க முடியுமா, சொல்லுங்கள்.

அதனால் கடிகாரத்தைத் திருத்த வெளியே ஒரு முளை அடிக்க வேண்டும். தேதி தெரிந்த ஏதாவது ஒரு நிகழ்ச்சி. புதைபடிவம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால்?

கண்டங்கள் இருக்கின்றனவே!

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஈரக் கல்லைப் புரட்டினால் பல கால்களோடு ஓடுமே சிறு பூச்சி, அந்த வகைக்குத் தூரத்து உறவில், நிலத்தடி நன்னீரில் வாழும் கண்ணில்லாத ஓர் உயிர். ஆச்சார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ஒய். ரங்கா ரெட்டியும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் வில்சனும் 2011-ல் அதை ஆந்திராவின் நிலத்தடி நீரிலிருந்து விவரித்தார்கள். பெயர் ஆந்திரகாய்டஸ். இதற்கு நம் நாட்டில் ஏற்கெனவே ஓர் உறவு உண்டு. எங்கே தெரியுமா? காசியில்! 1950-ல் சோப்ராவும் திவாரியும் பெயரிட்ட நிக்கோல்சியா காசியென்சி. கங்கையில் முழுக்குப் போட இங்கிருந்து ரயிலேறிப் போகிறோமே, அந்த ஊர்க் கிணற்று நீருக்குள் இருந்தது இது. (மேகாலயத்து சிஜு குகைக்குள் 1922-ல் ஸ்டான்லி கெம்புடன் இறங்கி, இந்தியாவில் ஒரு குகையின் உயிர்களை முதன்முதலாக முறையாகப் பட்டியலிட்டவரும் இந்தச் சோப்ராதான்.)

சரி, மற்ற உறவுகள் எங்கே? மேற்கு ஆஸ்திரேலியாவில். டாஸ்மேனியாவில். நடுவே இந்துமாக்கடல்! உப்புநீரில் தாக்குப்பிடிக்காத, கண்ணில்லாத, விரலிடுக்கில் அடங்கும் ஓர் உயிர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலை எப்படித் தாண்டியது? தாண்டவே இல்லை. கடல்தான் நடுவில் வந்தது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக் கிடந்த கோண்டுவானா நிலம் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் உடைந்தபோது, பாறை இடுக்கில் இருந்த குடும்பத்தில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் பிரிந்துவிட்டது. இந்த வகை உயிர்களின் பழைய புதைபடிவத்துக்கு வயது 30 கோடி ஆண்டுக்கும் மேல். எனவே 13 கோடி என்பது அவற்றுக்குப் பெரிய வயதே அல்ல.

அப்புறம் அந்த உயிர் எதையெல்லாம் கடந்திருக்கிறது, யோசித்துப் பாருங்கள். சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் கழன்று போனது. 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கிப் பெரும் நிலப்பரப்பை மூடியது. அதையொட்டி டைனோசர்கள் போயின. சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் இந்தியா ஆசியாவில் மோதி இமயம் எழத் தொடங்கியது. மேலே இவ்வளவும் நடக்க, கீழே ஈரமான ஒரு விரிசலில் இது பாட்டுக்குக் காலைத் துடுப்பாய் அசைத்துக்கொண்டிருந்தது!

தேதி தெரிந்த இந்தப் பிளவை முளையாக அடித்து மரபணுக் கடிகாரத்தை அதில் கட்டுகிறார்கள். ஆனால் ஒரு கண்டிப்பு வேண்டும். "கண்டம் பிரிந்ததால்தான் இவை பிரிந்தன" என்று முதலில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைத் திருத்திவிட்டு, பிறகு அதே கடிகாரத்தைக் காட்டி "பார்த்தீர்களா, கண்டம் பிரிந்தபோதே பிரிந்திருக்கிறது" என்று சொன்னால், அது நம் கையால் வைத்ததை நாமே கண்டெடுப்பது. நல்ல ஆய்வாளர்கள் ஒரு முளையில் திருத்தி, அதோடு தொடர்பில்லாத இன்னொரு முளையில் சரிபார்க்கிறார்கள்.

மீனிலும் இப்படி உண்டா? உண்டு! மடகாஸ்கர் குகைகளில் டிஃப்லியோட்ரிஸ், ஆஸ்திரேலியாவில் மில்யெரிங்கா. இரண்டும் கண்ணில்லாத குகை மீன்கள். இவை ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு என்று 2012-ல் மரபணு காட்டியது. ஒரு பெருங்கடலின் இரு கரையிலும் குருட்டு மீன்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

இப்போது விராலின் பங்காளிக்குத் திரும்புவோம். அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நிலத்தடியில் வாழும் அந்த மீனுக்குக் கண் உண்டு! நிறமும் உண்டு! 10 கோடி ஆண்டு இருட்டில் கிடந்த உயிருக்கு இது எப்படி? பதில் எளிது. 3.4 கோடி முதல் 10.9 கோடி என்பது விரால் வம்சத்திலிருந்து பிரிந்த காலம். இருட்டுக்குள் இறங்கிய காலம் அல்ல. பிரிந்த பிறகு கோடிக்கணக்கான ஆண்டு வெளிச்சத்தில் வாழ்ந்துவிட்டுப் பிற்பாடு கீழே இறங்கியிருக்கலாம். கழிமுகத்தை விட்ட நாள் வேறு, பாத்திக்குள் விட்ட நாள் வேறு. "வாழும் புதைபடிவம்" என்று தலைப்புப் போடும்போது இந்த ஒரு வரியை விட்டுவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். ஆச்சரியத்தின் சுவையே அந்த வரியில்தான் இருக்கிறது.

அப்படியானால் பாத்திக்குள் விட்ட நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் மூன்றாவது நாள் உதவுகிறது. கண் போன நாள்.

வெளிச்சத்தில் வாழும் மீனுக்குப் பார்வை மரபணுவில் பிழை விழுந்தால், அந்த மீன் இரை தேட முடியாமல் ஒழியும். பிழையும் கூடவே ஒழியும். இருட்டில் அந்தத் தண்டனை இல்லை. பிழை தங்கிவிடும். இன்னொன்று சேரும். பிறகு இன்னொன்று. பூட்டிய வீட்டில் ஒட்டடை சேர்வது போல. எத்தனை பார்வை மரபணு பழுதாகியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பிழை என்று எண்ணினால், வீடு பூட்டி எத்தனை நாள் என்று தெரிந்துவிடும்! சோமாலியப் பாலைவனத்துக்கு அடியில் ஃப்ரியாடிக்திஸ் என்ற மீன் வாழ்கிறது. கண் மட்டுமா போயிற்று? உடம்பின் நாள் கடிகாரமே வெளிச்சத்துக்கு அசைவதில்லை. உணவு நேரத்தை வைத்துப் பழக்கினால் ஓடும் அந்தக் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது கிட்டத்தட்ட 47 மணி நேரம் என்று 2011-ல் கண்டார்கள். அது தனிமைப்பட்டு 14 லட்சம் முதல் 26 லட்சம் ஆண்டு ஆகியிருக்கும் என்பது மதிப்பீடு.

இந்த இடத்தில் மெக்சிகோவின் குருட்டு மீனைச் சொல்லாமல் போனால் பாவம். அஸ்டியானக்ஸ் என்று பெயர். 1936-லிருந்து அறிவியலுக்குத் தெரிந்த மீன். ஆற்றில் கண்ணோடு இருக்கிறது, சுமார் 30 குகைகளில் கண்ணில்லாமல் இருக்கிறது. குகைக் கூட்டங்களுக்கு பல லட்சம், ஏன், பத்து லட்சக்கணக்கில் வயது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2018-ல் ஒரு குழு முழு மரபணுத் தொகுதியைப் படித்து 2 லட்சம் ஆண்டுக்கும் குறைவு என்றது. அதே 2018-ல் இன்னொரு குழு வேறு வழியில் கணக்கிட்டு என்ன சொன்னது தெரியுமா? 20,000 ஆண்டு போலத்தான்! ஒரே மீன், ஒரே ஆண்டு, பத்து மடங்கு வித்தியாசம்! இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆற்று மீன் அவ்வப்போது வெள்ளத்தில் குகைக்குள் வந்து கலந்துகொண்டே இருந்தால், அந்தக் கலப்பை எப்படிக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். பாத்தியில் நடுநடுவே யாரோ புது உவர்நீர் திறந்துவிட்டால் உப்பின் கனத்தை எப்படி அளப்பது?

இதே மீனில் என்னை ஒரு ராத்திரி தூங்கவிடாமல் செய்த செய்தி இது. வெவ்வேறு குகையின் குருட்டு மீன்களை இணை சேர்த்தார்கள். தகப்பனுக்கும் கண் இல்லை, தாய்க்கும் கண் இல்லை. பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை இருந்தது! 2008-ல் வெளிவந்த ஆய்வு. ஒரு குகையில் போன மரபணு வேறு, இன்னொரு குகையில் போனது வேறு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிட்டது. கண் என்பது ஒரு முறை அல்ல, குகைக்குக் குகை தனித்தனியாகப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டுமா?

இந்தியாவில் இப்படிப் பாதி வழியில் நிற்கும் மீன் இல்லையா? சத்தீஸ்கரின் காங்கேர் பள்ளத்தாக்கில் கோட்டும்சர் என்றொரு சுண்ணாம்புக் குகை. அங்கே வாழும் சின்ன மீன், வெளியே ஓடைகளில் வாழும் இந்தோரியோனெக்டஸ் எவசார்டி என்ற அதே இனம்தான். ஆனால் குகைக்குள் ஒன்றுக்குக் கண் சிறுத்திருக்கும், ஒன்றுக்கு இன்னும் சிறுத்திருக்கும், ஒன்று வெளிறியிருக்கும், ஒன்று அவ்வளவாக வெளிறியிருக்காது. உப்பு உட்காரத் தொடங்கிய பாத்தி அது. நம் கண்முன்னால்!

மேகாலயத்தில் வேறு மாதிரி. உலகின் குகை மீன்களில் மிகப் பெரியது அங்கேதான் இருக்கிறது, 40 செ.மீ. நீளம் தாண்டும். கெண்டை குடும்பத்து மீன். 2019-ல் உலகுக்குத் தெரிந்தது. 2023-ல் நியோலிசோகைலஸ் ப்னார் என்று பெயர் பெற்றது. வெளி ஆற்று உறவினரோடு அதன் மரபணு இன்னும் நெருங்கியே நிற்கிறது. இத்தனை பெரிய உடம்பு, ஆனால் இருட்டுக்குப் புதுக் குடி!

குகையின் வயதையே பார்த்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள். மழைநீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு வரும், தோரியத்தைக் கொண்டுவராது. கூரையிலிருந்து சொட்டிச் சொட்டி வளரும் சுண்ணாம்புத் தூணுக்குள் யுரேனியம் சிதைந்து தோரியமாகும். எவ்வளவு தோரியம் என்று அளந்தால் சுமார் 5 லட்சம் ஆண்டு வரை தேதி சொல்லலாம். சிரபுஞ்சி பக்கத்து மாவ்ம்லூ குகைத் தூணை இப்படி அளந்துதான், 4,200 ஆண்டுக்கு முன் தொடங்கிய காலப்பகுதிக்கு 2018-ல் "மேகாலயக் காலம்" என்று உலகப் பெயரே வைத்தார்கள். அதைவிடப் பழைய குகைக்குக் கூழாங்கல் போதும். தரையில் கிடக்கும் வெள்ளைக் கூழாங்கல்லில் விண்கதிர் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு உண்டாகும். வெள்ளம் அதைக் குகைக்குள் உருட்டிவிட்டால் கதிர் நின்றுபோகும். அன்றிலிருந்து இரண்டும் குறையத் தொடங்கும். முதலாவது சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், மற்றது சுமார் 14 லட்சம் ஆண்டில். மிச்சத்தின் விகிதம்தான் கடிகாரம். அமெரிக்காவின் மம்மத் குகையின் மேல்தளத்துக்கு 30 லட்சம் ஆண்டுக்கும் மேல் என்று இந்தக் கூழாங்கற்கள்தான் சொல்லின.

ஆனாலும் வீட்டின் வயது குடியிருப்பவரின் வயது ஆகாது. சுண்ணாம்புக்கல் மேலே தேயும், கீழே புதுத் துளை திறக்கும். உயிர்கள் விரிசல் வழியாகப் பழைய வீட்டை விட்டுப் புது வீட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். 1 கோடி ஆண்டு வம்சம் 1 லட்சம் ஆண்டுக் குகையில் குடியிருக்கலாம். நேற்று வந்த மீன் 30 லட்சம் ஆண்டுக் குகையில் நீந்தலாம். டினாரிக் மலைக் குகைகளில் காங்கேரியா என்று ஒரு சிப்பி இருக்கிறது. அதன் உறவினர்கள் எல்லாம் ஐரோப்பாவில் பல பத்து லட்சம் ஆண்டுக்கு முன் வற்றிப்போன பன்னோனிய ஏரியின் படிவுகளில் கல்லாகக் கிடக்கிறார்கள். ஏரியே போய்விட்டது. ஏரிக்காரி மட்டும் குகையில்!

மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் இன்னொரு விதம். ஆங்காங்கே தீவு தீவாய் நிலத்தடிச் சுண்ணாம்புத் திட்டு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு குருட்டு நீர்வண்டு. மேலே நிலம் வறண்டபோது ஒவ்வொரு கூட்டமும் தன் திட்டுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. நிலம் வறண்ட காலமும் மரபணு சொல்லும் காலமும் சில பத்து லட்சம் ஆண்டு என்ற கணக்கில் ஒத்துப்போகின்றன. இரண்டு தனிச் சாட்சி ஒரே தேதியைச் சொல்வது என்பது இந்தத் துறையில் எப்போதாவது கிடைக்கிற பாக்கியம்.

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் இன்னும் நெருக்கமாகப் புரியும். மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில் திறந்த வாய் அது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அந்தப் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்க்கிறவர் பார்ப்பது கார்ஸ்ட் நிலத்தின் உட்புறத்தை.

கேரளத்து மீன்கள் வாழ்வது சுண்ணாம்புக் குகையில் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது செம்புரைக்கல். வீடு கட்ட வெட்டி எடுப்பார்களே, அந்தத் துளைத்துளையான சிவப்புக் கல். மலப்புரத்து அங்காடிப்புரத்தில் அதைப் பார்த்துத்தான் புக்கானன் 1807-ல், செங்கல்லுக்கான லத்தீன் சொல்லை எடுத்து, லேட்டரைட் என்று உலகப் பெயர் சூட்டினார். அந்தத் துளைகளுக்குள் சுண்டுவிரல் நீளத்தில், ரத்தக்குழாய் வெளியே தெரியும் சிவப்பு நிறத்தில், ஒரு கண்ணில்லாக் கெளுத்தி. ஹோராக்ளானிஸ். முதல் இனம் 1950-ல் கோட்டயத்துக் கிணற்றிலிருந்து வந்தது. 2012-ல் வந்த இனத்துக்கு யார் பெயர் தெரியுமா? நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் பெயர்! 2023-ல் வந்த நான்காவது இனத்தின் பெயர் பாப்புலி. மக்களுடையது என்று பொருள். ஏன் என்றால், 47 புதிய இடங்களிலிருந்து அந்த ஆய்வுக்கு விவரம் சேர்ந்ததில் ஊர் மக்களின் கை இருந்தது. கிணறு தூர்வாரும்போது வாளியில் வந்ததை, குழாயில் விழுந்ததைக் கொட்டிவிடாமல் எடுத்து வைத்துச் சொன்னவர்கள் அவர்கள். அப்படிச் சேர்ந்த மீன்களிலிருந்து 65 புதிய மரபணு வரிசைகள் படித்தார்கள். வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத அளவு ஒரே மாதிரி. உள்ளே மரபணுவிலோ எக்கச்சக்க வேறுபாடு! கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, முள் மட்டும் அசையவில்லை.

இதைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டு போர் ஓடும்போதெல்லாம் குழாய் வாயில் வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டுகிறேன். அரை மணி நேரம். பிறகு அவிழ்த்து, தட்டில் தண்ணீர் ஊற்றி, துணியை உதறி, வெயிலில் வைத்து லென்ஸால் பார்ப்பேன். இதுவரை கிடைத்தது செம்மண் பொடியும், கண்ணாடி போன்ற மணலும், ஒரு வேர்த்துணுக்கும். போன வாரம் பக்கத்துத் தெருவில் பழைய உறைகிணறு ஒன்றைத் தூர்வாரப் போவதாகச் சொன்னார்கள். முதல் வாளியைக் கீழே கொட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தட்டு, துணி, லென்ஸ் மூன்றும் வாசல் திண்ணையில் தயாராக இருக்கின்றன.